சராசரி ஏழு நிமிடம்

அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகியபடி சோபாவில் சுருண்டிருந்தாள். அவள் கணவர் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. போனில் கத்துகிற பொறுப்பு தம்பியின் தலையில் விழுந்தது.

“ஆம்புலன்ஸ் கிளம்பிச்சா இல்லையாம்மா?”

“கிளம்பிடுச்சு சார். குன்று மேல கடைசி வீடு இல்லையா, முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்,” என்றாள் கட்டுப்பாட்டு அறைப் பெண்.

“அடிவாரத்துலயே ஒரு வண்டி நிக்குமே?”

“அதை டவுனுக்கு மாத்தியாச்சு சார். தூரத்து வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்கக் கூடாதாம். ஊர் மொத்தத்துக்கும் சராசரி குறைஞ்சாப் போதுமாம். ஒரு நிபுணர் கணக்குப் போட்டுக் குடுத்தாரு, கேடயமும் வாங்கிட்டாரு. இப்ப சராசரி ஏழே நிமிஷம்!”

“சராசரிக்கா நெஞ்சு வலிக்குது? எங்க அக்காவுக்கு வலிக்குதும்மா! எவன் அந்த மேதாவி?”

“பேரு தெரியாது சார். கணக்குல சந்தேகம் வந்தா கூப்பிடச் சொல்லி, நம்பரை இங்க பெருமையா ஒட்டிவெச்சிருக்காரு.”

“சொல்லும்மா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன். அத்தான், நீங்களும் ரெண்டு கேளுங்க!”

அத்தான் குனிந்தபடி உள்ளங்காலை இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

தம்பி ஆத்திரத்தோடு அவள் சொன்ன எண்ணை அழுத்தினான். அழுத்தி முடிப்பதற்குள் திரையில் பெயர் வந்துவிட்டது: ‘அத்தான்’.

அக்காவின் முனகல் நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

“கடைசி வீட்டை வெச்சுக் கணக்குப் போட்டா,” என்றார் அவர், “விடை அழகா வராது மாப்பிள்ளை.”