ஞாயிற்றுக்கிழமைக்காரர்

“ஒரு வாளி வெந்நீர் எடுக்கக்கூட அந்த மனுஷனுக்கு மனசு வராது. பாவம் பார்லி,” என்றாள், லாயத்தில் தன் குதிரையைக் கட்டியிருக்கும் ப்ரோனா.

அயர்லாந்தின் விக்லோ மலையடிவாரத்தில் மூடுபனி இன்னும் கலையவில்லை. கன்செப்டா தேநீர்க் கோப்பையோடு முற்றத்தில் நின்றிருந்தாள். லாயம் அவளுடையது. வாடகை கொடுத்து அங்கே தங்கள் குதிரையைக் கட்டுகிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் குறை சொல்வதை அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவள்.

ஆனால் இன்றைக்கு விட முடியவில்லை. ஃபெர்கலின் சாம்பல் நிறக் குதிரை பார்லிக்கு, அடிவயிற்றில் ஆண்குறியை மூடியிருக்கும் தோல் உறை வீங்கிக் கிடந்தது. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் கால் மாற்றி மாற்றி உதைத்தது.

காயடித்த குதிரைகளுக்கு இது ஒரு தொல்லை. உறைக்குள் மெழுகு மெழுகாய் அழுக்கு சேரும். சிலசமயம் மொச்சைக் கொட்டை அளவுக்கு உருண்டு மூத்திர வழியையே அடைத்துவிடும். அதனால் இங்கே குதிரை வளர்க்கிறவர்கள், பக்கத்து வீட்டு ஜன்னல் திரை துவைத்ததா என்று பார்ப்பது போல, பக்கத்துக் குதிரையின் உறை சுத்தமா என்று ஒரு கண் வைத்திருப்பார்கள்.

ஃபெர்கல் லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வந்தும் ஒரு வேலை செய்ய மாட்டார். பார்லியின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு வேலியோரம் பனியைப் பார்த்தபடி நிற்பார். குதிரையும் மனிதனும் நின்றபடியே தூங்குவது போலிருக்கும். ப்ரோனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பேசாம அவரை அனுப்பிடுங்க. பார்லியை நான் வாங்கிக்கறேன்,” என்றாள். அந்தக் குதிரை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

எவ்வளவு என்று கன்செப்டாவுக்குத் தெரியாது. வாரா வாரம், விடிந்தும் விடியாமலும் ப்ரோனா பார்லியின் கொட்டடிக்குள் போவாள். ஆவி பறக்கும் வெந்நீர், கையுறை, கிருமி கொல்லும் சோப்பு. அதன் உறையைக் கழுவிவிடுவாள். கதவிடுக்கு வழியே பனி உள்ளே நழுவி வரும். பார்லி கீழுதட்டைத் தொங்கவிட்டு, கண் பாதி சொருகி நிற்கும். உலகத்தில் தானும் அதுவும் வெந்நீரும் மட்டுமே மிச்சம் என்று அவளுக்குத் தோன்றும். சொந்தக்காரன் செய்யாததை நான் செய்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துவிடும்.

கன்செப்டாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அடுத்தவர் குதிரையைக் கேட்காமல் தொட்டால், தொட்டவர் தன் குதிரையை ஓட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். சொந்தத் தங்கையையே அப்படி அனுப்பியவள் அவள்.

கன்செப்டா வரவழைத்த கால்நடை டாக்டரம்மா வந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை; அதற்குள் ஃபெர்கலும் வந்து பார்லியின் தலைமாட்டில் நின்றிருந்தார். மயக்க ஊசி போட்டதும் பார்லியின் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து அவர் தோளில் சாய்ந்தது. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தார். கைநிறைய அழுக்கு வரப்போகிறது, ஃபெர்கலின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ப்ரோனா காத்திருந்தாள்.

“அழுக்கு துளிகூட இல்ல,” என்றார் டாக்டரம்மா. “அதான் வினையே. யாரோ சோப்பைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு, தோலுக்குக் காவலா இருக்கற பிசுக்கையெல்லாம் வழிச்சு எடுத்திருக்காங்க. உள்ளே ஒரே ரணம். யார் வேலை இது?”

குதிரை கட்டியிருக்கிறவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கன்செப்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ப்ரோனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாய் திறந்தால் இந்த லாயம் போகும், பார்லியும் போகும். தன் கையால்தான் அதற்கு வலித்தது என்பது எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

ஃபெர்கல் நிமிர்ந்து, பின்னால் போன அவள் கைகளை ஒரு முறை பார்த்தார்.

“என் வேலைதான், டாக்டரம்மா,” என்றார். “சுத்தமா இருக்கட்டுமேன்னு செஞ்சேன். கை மிஞ்சிப் போச்சு.”

“இது என்ன லாரியா?” என்று கன்செப்டா பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சோப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரம்மா சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்ல, ஃபெர்கல் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகும் ப்ரோனா நகரவில்லை. பார்லி இன்னும் அரைத் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“நான் போய் கன்செப்டாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்,” என்றாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“சொன்னா உன்னை அனுப்பிடுவா.”

“உங்களை அனுப்பச் சொல்லி அவகிட்ட கேட்டவ நான்.”

“காதுல விழுந்துச்சு. அப்பவே வந்துட்டேன், லாயக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்.” ஃபெர்கல் பார்லியின் நெற்றியைத் தடவினார். “நீ சொன்னதுல தப்பில்லம்மா. நான் ஞாயித்துக்கிழமைக்காரன். ஆனா ஒண்ணு, கேக்காமத் தொடறதுதானே இங்க குத்தம்? அதனால இப்ப நானே உன்னைக் கேக்கறேன். நான் இல்லாத நாள்ல இவனைப் பாத்துக்கறியா?”