கொஞ்சம் கேட்ட பல்பு

பூங்கோதை வீட்டு முன்னறையில், இறந்துபோன மகனின் படத்துக்கு மேலே, சீலிங்குக்குள் ஒரு எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் குடியிருந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனால் வீட்டுக்கு வருகிற கரண்டை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி, பல்பு தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும். கீழே இருந்த ஹாலஜன் பல்புக்கு அகோரப் பசி. அதற்கு அள்ளி அள்ளிக் கொடுத்தே டிரான்ஸ்ஃபார்மர் தன்னைப் பெரிய தர்மவானாக நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் ஹாலஜன் ஃபியூஸ் போனது. அந்த இடத்தில் பூங்கோதை ஒரு எல்.இ.டி. பல்பை மாட்டினாள்.

"எனக்குக் கொஞ்சம் போதும் அண்ணே," என்றது பல்பு.

"கொஞ்சமாக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை."

டிரான்ஸ்ஃபார்மர் ஓட ஆரம்பித்தது. பல்பு வாங்கியது மிகக் கொஞ்சம்; கீழே வாங்கிக்கொள்ள ஆளே இல்லாததுபோல் தோன்றவே நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. பல்பு விட்டு விட்டு எரிந்தது. மகனின் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"குறைச்சுக் கொடுங்க அண்ணே. அந்தம்மா பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க."

"நான் எப்பவும் கொடுக்கிறதைத்தான் கொடுக்கிறேன். உனக்கு வாங்கத் தெரியலை."

பூங்கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பல்பு சரியில்லை," என்று கழற்றிக் குப்பையில் போட்டாள். அடுத்து வந்த பல்புக்கும் அதே கதிதான்.

மூன்றாவது பல்பு தயங்கித் தயங்கிக் கேட்டது: "எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு அண்ணே?"

"பாவம், எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கத் தெரியாதவங்க," என்றது டிரான்ஸ்ஃபார்மர். "உனக்கு எவ்வளவு வேணும், கேளு."

"கொஞ்சம் போதும்."

பூங்கோதை, மகனின் படத்தைப் பார்த்தபடியே, சுவிட்சைப் போட்டாள்.