நாலு மூலை

தாளில் ஒட்டியதை அவள் இழுத்துப் பார்த்தாள். படம் பாதியாகக் கிழிந்து வந்தது.

நல்லவேளை, மகளின் படம் இல்லை. பழைய காலண்டரிலிருந்து வெட்டிய ஏதோ ஒரு ரோஜாப்பூ. பெற்ற பிள்ளையின் படத்தைக் கிழித்துப் பார்க்க அவளென்ன கல்நெஞ்சக்காரியா?

ஆனாலும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அழுகை எங்கே போய்த் தொலைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

டபுள் சைடு டேப்பைத் தள்ளி வைத்தாள். அது உடும்புப் பிடி. தாளைக் கிழித்தால் படமும் சேர்ந்துதான் கிழியும்.

மேசை முழுக்கப் பசைதான். ஈரோட்டில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கையாலேயே பத்திரிகை செய்து கொடுத்தவள். வெட்டி, மடித்து, ஒட்டி, கடைசியில் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தால்தான் அவளுக்கு ஒரு பத்திரிகை முடிந்த மாதிரி இருக்கும். அவள் வீட்டில் பசைக்கா பஞ்சம்?

இது கல்யாணப் பத்திரிகை இல்லை.

மகள் கோகிலாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு.

சாதாரணக் காய்ச்சல்தான் என்று வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன பெண். போகும்போது வாசலில் கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள். செருப்பு இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அச்சகத்தில் சொன்னால் கறுப்புக் கரை போட்டு ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம், நானே செய்கிறேன் என்றுவிட்டாள். எழுத்து மட்டும் அச்சு. தாள் அவளுடையது. சந்தன நிறத்தில், தடிமனாக, தொட்டால் துணி மாதிரி. கோகிலாவின் கல்யாணத்துக்கென்று பீரோவுக்கு அடியில் எடுத்து வைத்திருந்தது.

வேறு எதற்கு வைத்திருக்கப் போகிறாள் இனிமேல்?

மேலே ஒரு சின்னப் படம் ஒட்ட வேண்டும். கோகிலா பல் தெரியச் சிரிக்கிற படம்.

அங்கேதான் கை நின்றது.

சாவுப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. வாசலில் நின்று படிப்பார்கள். படித்த கையோடு கிழிப்பார்கள். அப்புறம்தான் உள்ளே போவார்கள். வழக்கம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. அவளும்தான் எத்தனையோ கிழித்திருக்கிறாள். யார் முகம், என்ன முகம் என்று ஒரு நாளாவது நின்று பார்த்தாளா?

இப்போது தன் பெண்ணை ஊர் கிழிக்கப் போகிறது.

கிழிக்கட்டும். படம் மட்டும் முழுசாகக் கழன்று வரட்டும். அந்த மாதிரி ஒரு பசை. அவள் கேட்பது அவ்வளவுதான்.

வெள்ளைப் பசை தடவினாள். காய்ந்ததும் ரோஜா நெளிந்து போயிற்று.

கோந்து ஓரமெல்லாம் பழுப்புக் கறை விட்டது. மைதாப் பசையை மூலைக்கு ஒரு பொட்டாக வைத்துப் பார்த்தாள். இழுத்தால் மூலை பிய்ந்தது.

பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. இழுத்ததும் ஒரு கீறல் இல்லாமல் படம் கையோடு வந்தது. அப்பாடா என்று திரும்ப ஒட்டி, ஒரு கவரில் போட்டுக் குலுக்கினாள். தபால் பை குலுங்குகிற மாதிரி, கொஞ்சம் பலமாகவே.

பிரித்தால் தாள் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்.

தபாலாபீஸ் தரையில் விழுந்து எவன் காலில் மிதிபடுமோ? அதுவும் வேண்டாம்.

கொழுந்தன் நடராசன் ஸ்டாம்போடு வாசப்படியில் காத்துக்கொண்டிருந்தான். வெளியூருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டுமே என்று அவனுக்குக் கவலை.

"எதாச்சும் ஒண்ணுல ஒட்டுங்க அண்ணி. எப்படியும் கிழிக்கறதுதானுங்களே."

கெட்ட மனசில் சொல்லவில்லை. நல்ல பிள்ளைதான் அவன். வேறு நாளாக இருந்தால் சுருக்கென்று தைத்திருக்கும். இன்று ஊசியால் குத்தினாலும் வலிக்காது போலிருந்தது.

"செரி" என்றாள்.

கைக்கு எட்டிய மைதாப் பசையை எடுத்தாள். மகளை ஒட்டினாள். தாளை மடித்து நகத்தால் அழுத்தி நீவினாள். எதுவும் யோசிக்கவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது. எத்தனை வருஷத்துக் கை!

பசை ஈரம் காயாத விரல் வலது பக்கம் போனது. தொட்டது. முதல் மூலை. இரண்டாவது. மூன்று. நான்கு.

நடராசன் எழுந்தே விட்டான்.

"அய்யோ அண்ணி, என்ன பண்றீங்க! கருமாதிக் காயிதத்துல மஞ்சளா? மஞ்சள் வெச்சதை எவனுங்க கிழிப்பான்?"

அவள் குனிந்து பார்த்தாள்.

சந்தனத் தாள். சிரிக்கிற கோகிலா. நாலு மூலையிலும் மஞ்சள்.

யாரும் எடுத்து வைக்காமல் மறந்துவிட்ட மஞ்சள் கிண்ணம் மேசையிலேயே இருந்தது. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்குத் தொட்ட கிண்ணம்.

நடராசன் கிட்டே வந்து அதை எடுக்கக் கை நீட்டினான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

அவள் தள்ளி வைத்திருந்த டபுள் சைடு டேப்பை எடுத்தாள். அடுத்த பத்திரிகைக்கான படத்தின் பின்னால் ஓரம் விடாமல் ஒட்டினாள். தாளில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

அப்புறம் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.