நல்ல தண்ணி

எங்கள் தெருவுக்கு இலவசமாக நெட் கொடுத்தவன் சாயப்பட்டறை முதலாளி. அவன் காட்டுவது மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் காசு கட்டினால்தான் திறக்கும். எங்களிடம் ஏது காசு? கிணற்றுத் தண்ணீர் கசக்க ஆரம்பித்தபோது, ஏன் என்று தேடினேன். ‘நல்ல தண்ணி கசக்கும்’ என்று வந்தது. எந்தப் பாவி எழுதினானோ, அவன் நாசமாய்ப் போக!

அப்போது என் வயிற்றில் இருந்த யாழிசைக்கு இப்போது ஏழு வயது. நேற்று என் தம்பி வெளியூரிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்தவள் துப்பினாள்.

“கசக்கவே இல்லம்மா. கெட்ட தண்ணி.”

“இதுதான்டி நல்ல தண்ணி!” என்று கத்தினேன்.

“பொய் சொல்லாத. நெட்டுல அப்படிப் போடல,” என்றவள் குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.