மூக்குத்திக்குக் கீழே ஒரு மாஸ்க்

தூக்கத்தில் செண்பகவல்லிக்கு மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும். காற்று ஊதும் மெஷினோடு சேர்த்துப் போட டாக்டர் பல மாஸ்க்குகளைக் காட்டினார். முகத்தை மூடுகிற பெரியது புழுங்குகிறது என்று, மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சின்ன ரப்பர் மாஸ்க்கை எடுத்தாள். தன்னை எடுத்ததில் மாஸ்க்குக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றிரவு படுத்ததும் மூக்குத்தியின் திருகு மாஸ்க்கில் இடித்தது. காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போனது.

“அக்கா, கொஞ்சம் கழன்றுகொள்ளேன். இவள் பிழைக்க வேண்டாமா?” என்று கெஞ்சியது மாஸ்க்.

“நானாகவா ஒட்டிக்கொண்டிருக்கிறேன், தம்பி? என்னைக் கழற்றினால் புருஷன் ஆயுசுக்கு ஆகாதாம்,” என்றது மூக்குத்தி.

“அவரே சொன்னால்?”

“சொன்னாரே. ‘எனக்கு ஒன்றும் ஆகாது, கழற்றி வை வல்லி’ என்றார். இவள் அவர் வாயைப் பொத்திவிட்டாள்.”

மாஸ்க் தன்னால் ஆனமட்டும் ஒட்டிப் பார்த்தது. அரைத் தூக்கத்தில் அவள் அதைப் பிடுங்கித் தலையணையில் போட்டாள். சற்றைக்கெல்லாம் குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. ‘தாயே, யாரையாவது எழுப்பிவிடு’ என்று வேண்டியபடி, மாஸ்க் வெறும் தலையணைக்கு ஊதிக்கொண்டே கிடந்தது.

புருஷன் பதறி எழுந்து அவளை உலுக்கினார். மூச்சு வந்தது.

கண் விழித்தவள் முதலில் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். மூக்குத்தி இருந்தது. நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.