பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது

முப்பத்தெட்டுக் கடிதங்களும் தானாக அச்சாகிவிட்டால் ஆர்யாவுக்குச் சாலைக் கடைவீதி அலுவலகத்தில் வேலை நிரந்தரம். அங்கே ஒவ்வொரு கணினியிலும் கடிதம் அடிக்கும் வேர்ட் மென்பொருளின் வெவ்வேறு பதிப்பு. அதனால் அவள் எழுதிய நிரல் எந்தப் பதிப்பையும் முன்கூட்டிக் குறிப்பிடவில்லை. ஓடும்போது ‘வேர்ட்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்; இருப்பது வந்து, திரையில் தெரியாமல் வேலை செய்யும்.

அங்கே வேலை பார்க்கும் வடிவாம்பாளின் கணினியில் ஓடவிட்டாள். எல்லாம் பிழையில்லாமல் வந்தன.

“கொள்ளாமே மோளே! வேர்ட் இல்லாமலே அடிச்சிட்டியே,” என்று மலையாளம் கலந்து மெச்சினாள் வடிவாம்பாள்.

“இதுல இல்லியா அக்கா?”

“போன வாரமே எடுத்துக் களஞ்சாச்சு, கேட்டியா.”

ஆர்யா தேடிப் பார்த்தாள். இல்லை. வேலை முடிந்ததும் மூடச் சொல்லும் வரியை நிரலில் எழுத மறந்தது அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டதும் வந்தது எதுவோ, அது இன்னும் உள்ளேதான் இருந்தது.

மேலாளர் கிரீஷ் பின்னால் வந்து நின்றார். “திரையில வேலை செய்யறத எனக்குக் காணணும். அப்புறம் உன் வேலை ஆர்டர்ல கையெழுத்து போடுறேன்.”

மறுக்க முடியவில்லை. திரையில் தெரியச் சொல்லும் வரியைச் சேர்த்து, மறுபடி கூப்பிட்டாள்.

வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. பெயர் சொல்லி அழைத்தால் இந்த ஊரில் பதிலுக்குக் குரல்கொடுக்கும் சொல், மலையாளத்தில், எழுத்தெழுத்தாக அதில் விழுந்தது.

“எந்தோ?”