சனிக்கிழமைத் துணை

"இது கஞ்சியா டீச்சர், இல்ல சுவத்துல போஸ்டர் ஒட்டுற பசையா?"

கரண்டியைத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்து விழ மறுத்த கோழிக் கஞ்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார் இஸ்கோ. வயது எழுபத்தாறு. சாய்வு நாற்காலி, கைத்தடி, முழங்காலில் சுற்றிய துணி.

"பிடிக்கலைன்னா வெச்சிடுங்கண்ணே. நான் ஒண்ணும் ஹோட்டல் நடத்தலை," என்றாள் எர்மிண்டா.

"கோவிச்சுக்காதீங்க. நீங்களும் ஒரு கிண்ணம் எடுங்க. தனியாச் சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்காது."

வேறு வழியின்றி அவளும் சாப்பிட்டாள். நாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் இதே கூத்துதான். ஒரு வாரம் உப்பில்லை என்பார். மறுவாரம் உப்பு மட்டும்தான் இருக்கிறது என்பார். கடலுக்குப் போன கதை சொல்லும்போது, பிடித்த மீன்களின் கணக்கைத் தப்புத் தப்பாகக் கூட்டுவார். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளால் அதைத் திருத்தாமல் இருக்க முடியாது.

பனாய்த் தீவில் அந்தச் சின்ன ஊரின் மாதர் சங்கம், வயதானவர்களுக்கு மூக்குக் கண்ணாடி கொடுத்தது; மலைப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் அனுப்பியது. இந்த வருடம் புதிதாக, தனியாக இருப்பவர்களுக்குத் துணை போகும் திட்டம். "ஆள் பத்தலை டீச்சர், ஒரே ஒருத்தரை மட்டும் பார்த்துக்குங்க" என்று தலைவி பிலார் வீடு தேடி வந்து இவள் தலையில் கட்டிய ஆள்தான் இஸ்கோ. கணவர் ருஃபோ இறந்துபோனதிலிருந்து எர்மிண்டாவுக்கு யாரிடமும் மறுத்துப் பேசவும் தெம்பில்லை.

"அடுத்த வாரம் மீன் போட்டுப் புளிச்சாறு வைங்க," என்றார் இஸ்கோ. "பழைய மீன்னா எனக்கு ஆகாது."

அதற்காகவே வெள்ளிக்கிழமை காலை அவள் கடற்கரைக்குப் போனாள். படகிலிருந்து இறங்கும்போதே வாங்கிவிடலாமென்று நினைப்பு.

கரையில் பத்துப் பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், இடுப்பளவு தண்ணீரில் நின்று, "இழுங்கடா, சாப்பிடலையா நீங்கள்லாம்?" என்று அதட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.

இஸ்கோ.

"மாமா, சோறு ஆறுது. சீக்கிரம் வாங்க," என்று தூக்குச்சட்டியோடு கூப்பிட்டாள் ஒரு பெண்.

எர்மிண்டா மீன் வாங்கவில்லை. நேராகச் சங்கத்துக்குப் போனாள். பிலார் கண்ணாடிகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் ஏமாத்துக்காரர் பிலார். காலும் நல்லா இருக்கு, சோறு கொண்டு வர மருமகளும் இருக்கா. அஞ்சு மணிக்கு எழுந்து, இஞ்சி நறுக்கி, கோழி வேகவெச்சு, ரெண்டு ஜீப்னி வண்டி மாறிப் போனேனே. எத்தனை பிள்ளைங்களோட பொய்யைக் கண்டுபிடிச்சவ நான். என்னையே முட்டாளாக்கிட்டார்."

"நீங்க கோபப்பட்டுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு," என்று சிரித்தாள் பிலார்.

"சிரிக்காதீங்க. நிஜமாவே நாதியில்லாம எத்தனை பேர் கிடக்கிறாங்க. முதல்ல அவர் பேரை அடிங்க."

"அடிக்க முடியாது டீச்சர்."

"ஏன்?"

பிலார் கையைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டி எர்மிண்டாவின் முன்னால் வைத்தாள்.

"போன வருஷம் அவர் சம்சாரம் போனப்போ, சாப்பிடாமக் கிடந்தார். நாங்கதான் மாத்தி மாத்திப் போய் எழுப்பி உட்கார வெச்சோம். பதிலுக்கு நானும் ஏதாவது செய்யறேன்னு ஒருநாள் இங்க வந்து நின்னார். துணை போறவங்க வரிசையில இருக்கிறது அவர் பேரு. துணை தேவைப்படுறவங்க வரிசையில இருக்கிறதுதான் உங்க பேரு."

எர்மிண்டா தன் பேர் இருந்த வரிசையில் விரலை வைத்துப் படித்தாள். பிறகு பதிவேட்டை மெதுவாக மூடினாள்.

"நாளைக்கும் போறேன்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், நல்லா நடிக்கிறதா நினைச்சுட்டு இருக்கார்."